பல் வெள்ளையாக்கிய பிறகு வரும் கூச்சம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு எழுதுகிறேன்

பல் வெள்ளையாக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு வெளுக்கும், எவ்வளவு காசு என்பதுதான். பல் கூசுமா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் "கொஞ்சம் கூசும், பிறகு சரியாகிவிடும்" என்பதோடு கதை முடிந்துவிடும். அது பொய் இல்லை, பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் சரியாகித்தான் விடுகிறது, ஆனால் அந்தச் சில நாட்கள் சும்மா கடந்து போகுமா, அல்லது வாயைத் திறக்கவே பயந்து கொண்டு போகுமா என்பது அதற்கு முன்னால் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. நான் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஒரு தடவையும், ஒழுங்காகத் தயாராகி ஒரு தடவையும் செய்து கொண்டவள். அதற்குப் பிறகு வீட்டில் ட்ரே (ஜெல் போட்டுப் பல்லில் மாட்டும் அச்சு) வைத்து இடைக்கிடை புதுப்பித்தும் வருகிறேன். எனக்குத் தெரிந்த மிக முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூச்சத்துக்கான வேலையை சிகிச்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். பிறகு செய்வதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

உப்புவெளிப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் ரிசெப்ஷனில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கச் சிரித்த முகம் வேண்டும், நாள் முழுக்கத் தேத்தண்ணியும் வேண்டும். வருடக்கணக்கில் பிளேன் டீ குடித்த பல் என்ன நிறத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் தடவை கொழும்பில் ஓர் இடத்தில் செய்தேன், பெயர் வேண்டாம். போய் உட்கார்ந்தேன், ஜெல் பூசினார்கள், நீல விளக்கைப் பிடித்தார்கள், துடைத்து மீண்டும் பூசினார்கள், கண்ணாடியைக் காட்டினார்கள். பல்லில் ஓட்டை இருக்கிறதா, முரசு (ஈறு) இறங்கியிருக்கிறதா, ஏற்கனவே கூச்சம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. "இரண்டு நாளைக்குத் தேத்தண்ணி குடிக்க வேண்டாம்" என்றதோடு அனுப்பிவிட்டார்கள்.

அன்றிரவே ஏசி பஸ்ஸில் திருகோணமலைக்குத் திரும்பினேன். அந்தப் பயணத்தை மறக்க முடியாது. தலைக்கு மேல் இருந்து குளிர்காற்று வந்து கொண்டேயிருந்தது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினாலே முன்பற்களில் சுரீர் என்றது. ஹபரணையில் பஸ் நின்றபோது வாங்கிய தண்ணீர்ப் போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்தது, ஒரு மிடறுதான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைவிட மோசம், எதுவும் குடிக்காமல், வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கும்போதே ஒரு பல்லில் மின்னல் மாதிரி ஒரு குத்து வந்து போகும். சற்று நேரத்தில் இன்னொரு பல்லில். அது வெள்ளையாக்கும் சிகிச்சைக்கே உரிய ஒரு நோவு, ஆபத்தானது இல்லை, ஆனால் முன்கூட்டி யாரும் சொல்லாவிட்டால் பல்லை உடைத்துவிட்டார்கள் என்றே நினைக்கத் தோன்றும். விடியற்காலையில் வீட்டு வாசலில் என் முகத்தைப் பார்த்த அம்மா கேட்டது, "என்ன பிள்ளை, பல்லு வெளுக்கிறதுக்கு இவ்வளவு நோவா?"

அம்மாவின் கேள்விக்குப் பதில் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. கிளினிக்கில் பூசும் ஜெல் பெரும்பாலும் 25 முதல் 40 சதவீதம் வரையான ஹைட்ரஜன் பெரொக்சைட். அது பல்லின் மேல்தோலில் உள்ள கறையை மட்டும் தேய்த்து எடுக்கும் பொருள் இல்லை. எனாமல் என்ற கடினமான வெளிப்படைக்குள் புகுந்து, அதற்குக் கீழே இருக்கிற டென்டின் என்ற படை வரை போய், நிறம் தரும் மூலக்கூறுகளை அங்கேயே உடைக்கிறது. உள்ளே போகிறது என்றால் நரம்பு இருக்கிற இடத்துக்கும் போகும், அதுவும் சில நிமிடங்களிலேயே போய்விடும். கீழ் முன்பற்கள் மெல்லியவை என்பதால் அங்கே சீக்கிரம் போய்ச் சேரும், எனக்கும் அங்கேதான் அதிகம் குத்தியது. சும்மா இருக்கும்போது வரும் குத்துக்கு இந்த நரம்புச் சினம்தான் காரணம். குளிருக்கு வருவது கொஞ்சம் வேறு. டென்டினில் ஒரு சதுர மில்லிமீற்றருக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம் இருக்கிறது, குளிரோ காற்றோ புளிப்போ பட்டவுடன் அந்தத் திரவம் அசைய, உள்ளே இருக்கும் நரம்பு அதை நோவாக உணர்கிறது. 1960களில் ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் என்ற பல் ஆய்வாளர் நிறுவிய விளக்கம் இது, இன்றைக்கும் பல் கூச்சத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். இதைத் தெரிந்து கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கிவிடும். நரம்பை அமைதியாக்க வேண்டும், குழாய்களின் வாயை அடைக்க வேண்டும், உள்ளே போகும் பெரொக்சைட்டின் அளவையும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.

இரண்டாவது தடவை செய்து கொண்டது இங்கேயே, திருகோணமலை நகரில் தனியார் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் வைத்தியரிடம். வெள்ளையாக்க வேண்டும் என்று சொன்னதும் அவர் நாள் குறிக்கவில்லை. முதலில் பல்லைப் பார்த்தார். ஒரு கடைவாய்ப் பல்லில் சிறிய சொத்தை, இரண்டு கோரைப்பற்களின் அடியில் முரசு இறங்கி வேர் தெரிகிறது. "இந்த வேர்ப் பகுதியில எனாமல் இல்லை, ஜெல் பட்டால் நேரா உள்ள போகும், முதலில இதைப் பார்ப்பம்" என்றார். சொத்தையை அடைத்து, பற்காறையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்தச் சுத்தம் செய்ததன் கூச்சம் தணியும் வரை காத்திருக்கச் சொன்னார். சுத்தம் செய்வதையும் வெள்ளையாக்குவதையும் ஒரே நாளில் செய்து முடிக்கிற இடங்கள் இருக்கின்றன. நேரம் மிச்சம்தான், ஆனால் இரண்டு சினமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கூச்சப் பிரச்சினை உள்ளவர்கள் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கனவே கிரவுன் போட்டிருந்தால், முன்பல்லில் பல் நிறத்தில் அடைத்திருந்தால் அவை வெளுக்காது என்பதையும் முன்பே கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள், பிறகு பல் ஒரு நிறம், அடைத்த இடம் ஒரு நிறமாக நிற்கும்.

அடுத்தது பற்பசை. பார்மசியில் கூச்சத்துக்கான பற்பசை என்று கேட்டால் ஏதோ ஒன்றை எடுத்துத் தருவார்கள், பெட்டியைத் திருப்பி உள்ளடக்கத்தை வாசியுங்கள். ஒரே பிராண்டிலேயே வகைக்கு வகை மருந்து வேறு. சென்சொடைனை எடுத்தால் ஒரு வகையில் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும், இன்னொன்றில் ஸ்டானஸ் ஃபுளோரைட், இன்னொன்றில் நோவாமின். கோல்கேட்டின் சென்சிட்டிவ் புரோ ரிலீஃப் வகையில் ஆர்ஜினைன். இவற்றில் பொட்டாசியம் நைட்ரேட் மட்டும்தான் நரம்பை நேராக அமைதிப்படுத்துகிறது, மற்றவை குழாய்களின் வாயை அடைக்கிற வேலையைச் செய்கின்றன. வெள்ளையாக்கும்போது வரும் நோவு பெரும்பாலும் நரம்புச் சினம் என்பதால் வைத்தியர் எனக்குச் சொன்னது 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட், அதோடு ஃபுளோரைட்டும் இருக்க வேண்டும். காலையும் இரவும், மெல்லிய நாருள்ள பிரஷ்ஷால், இரண்டு கிழமை. இதில் பலர் ஏமாந்து போகிற இடம் ஒன்று இருக்கிறது. இந்தப் பற்பசை பனடோல் மாதிரி நோகும்போது போட்டு உடனே கேட்கிற மருந்து இல்லை, விடாமல் தினமும் தேய்த்து இரண்டு முதல் நான்கு கிழமையில்தான் முழுப் பலன் தெரியும். சிகிச்சை முடிந்த அன்று ஓடிப்போய் வாங்கினால் அது வேலை செய்யத் தொடங்கும்போது உங்கள் கூச்சம் தானாகவே போயிருக்கும்.

தேய்த்த பிறகு வாயை நிறையத் தண்ணீரால் கொப்பளிக்காமல் துப்பிவிட்டு அப்படியே விடச் சொன்னார். முதலில் ஒரு மாதிரி இருந்தது, சிறுவயதில் இருந்து கிணற்றடியில் நின்று வாளித் தண்ணீரில் கொப்பளித்துப் பழகிய வாய். ஆனால் மருந்து பல்லில் தங்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை, இப்போது அதுவே பழக்கமாகிவிட்டது.

நாற்காலியில் உட்காரும் நாளைப் பற்றி. நாம் வாயைத் திறந்து வைத்திருக்கப் போகிறோம், அந்த நேரத்தில் பேச முடியாது, எனவே கேட்க வேண்டியதை முன்பே கேளுங்கள். ஜெல் எத்தனை சதவீதம், ஒரு சுற்று எத்தனை நிமிடம், எத்தனை சுற்று, கூசினால் இடையில் நிறுத்துவீர்களா. என் வைத்தியர் கடுமையான ஜெல்லைத் தவிர்த்து, சுற்றையும் குறைத்து, மிச்ச நிறத்தை வீட்டில் மெதுவாக எடுக்கலாம் என்றார். விளக்கும் வேண்டாம் என்றார். விளக்கு பிடித்தால் அன்றைக்கு வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம், கடைசி நிறத்தில் அதனால் பெரிய இலாபம் இல்லை, சூடு ஏறினால் கூச்சம்தான் கூடும். இந்த இடத்தில் ஒரு விஷயம். எழுந்து கண்ணாடி பார்க்கும்போது தெரிகிற அந்தப் பளிச் வெள்ளை உண்மையான நிறம் இல்லை. இவ்வளவு நேரம் வாய் திறந்தபடி பல் காய்ந்து போய் இருப்பதால் அப்படித் தெரிகிறது, நீர் திரும்ப ஊறியதும் ஓரிரு கிழமையில் கொஞ்சம் மங்கி நிற்கும் நிறம்தான் உங்களுடையது. இது தெரியாமல், நிறம் இறங்குகிறதே என்று பதறி உடனே இன்னொரு தடவை செய்யச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், கூச்சம் எல்லை மீறுவது அங்கேதான்.

முரசுக்கும் தெரிகிற வேர்ப் பகுதிக்கும் மேல் ஒரு பசை மாதிரிப் பூசி, விளக்கால் இறுக்கி மூடிவிட்டுத்தான் ஜெல்லைத் தொட்டார். இதைச் செய்யாத இடத்தில் எழுந்து வந்துவிடலாம், தப்பே இல்லை. சிலருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு இபுபுரோபன் போடச் சொல்வார்கள். அது நாற்காலியில் இருக்கும் நேரத்துக்கு உதவும், பிறகு வரும் நாட்களுக்குப் பெரிதாக உதவாது. வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது. இன்னொன்று, நம் பக்கத்தில் மாரி காலம் டெங்குக் காலமும் கூட. உடம்பு சற்றுச் சுட்டாலும் இபுபுரோபனைத் தொடாதீர்கள், டெங்கு என்றால் அது இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் இருந்தால் பல்லைத் தள்ளிப் போடுங்கள்.

முடிந்ததும் 5 சதவீதச் சோடியம் ஃபுளோரைட் வார்னிஷ் பூசிவிட்டார். பல்லில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், நாக்கால் தடவினால் ஒரு மாதிரி இருக்கும், அன்றிரவு பிரஷ் பண்ணாமல், கடினமானதைக் கடிக்காமல் விட வேண்டும். அதோடு என் பல் அச்சில் செய்த ட்ரேயில் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஃபுளோரைட்டும் கலந்த ஜெல்லைப் போட்டுக் கூசும்போது 10 முதல் 30 நிமிடம் வைக்கலாம் என்று கொடுத்தார். எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான் என்று சொல்வேன். அந்த ஜெல் இல்லாவிட்டால் கூச்சப் பற்பசையையே ட்ரேயில் மெல்லியதாகத் தடவி வைக்கலாம் என்றார், வாயில் நுரை வந்து எரிச்சல் தந்தால் எடுத்துவிட வேண்டும். நோவு உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள், எனவே அந்த இரண்டு நாளுக்கான ஏற்பாடு வீட்டில் தயாராக இருந்தால் போதும். எனக்கு இரண்டாவது தடவையும் கூச்சம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் குளிர்ந்ததைத் தொட்டால் மட்டும் வந்தது, சும்மா இருக்கும்போது குத்துகிற அந்த மின்னல் ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றிரவு தூங்கினேன், பெரிய விஷயம் அது.

சாப்பாட்டுக்கு வருவோம். முதல் நாட்களில் பல்லில் நிறம் ஒட்டுகிறதையும் புளிக்கிறதையும் தவிர்க்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் கோழி நெஞ்சுக்கறி, மக்ரோனி, காலிஃபிளவர் என்று இருக்கும். நம் வீட்டில் என்ன செய்வது? மஞ்சள், தூள், புளி மூன்றும் இல்லாமல் ஒரு கறி வைக்கச் சொன்னால் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் யோசித்தால் நம்மிடம் நிறைய இருக்கிறது. இடியப்பமும் மஞ்சள் போடாத பால்சொதியும், புட்டும் கதலி வாழைப்பழமும், தேங்காய்ப் பாலில் அவித்த உருளைக்கிழங்கு, பால்சோறு, அவித்த முட்டையின் வெள்ளை. கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரைத் தாராளமாகச் சாப்பிட்டேன், குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் விட்ட பிறகு. தயிர் புளிப்புத்தானே என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்தும் பொஸ்பேற்றும் நிறைய இருப்பதால் எனாமலைக் கரைக்காது. தேசிக்காய்த் தண்ணி அப்படி இல்லை. தேசிக்காய்ச் சாற்றின் பிஎச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 2க்குச் சற்று மேல்தான், எனாமல் கரையத் தொடங்குவது 5.5க்குக் கீழே போகும்போது, எனவே அதையும் கோலாவையும் மாங்காயையும் அந்தக் கிழமை முழுக்க விட்டுவிடுங்கள். மீன் குழம்பு இல்லாமல் இரண்டு நாளா என்று எங்கள் வீட்டில் பெரிய கவலை, எனக்கு மட்டும் புளி விடாமல் மஞ்சள் போடாமல் பாலில் சீலா மீனை அவித்துத் தந்தார் அம்மா, மிளகும் உப்பும் மட்டும். நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

புளிப்பு எதையாவது சாப்பிட்டுவிட்டால் உடனே போய்ப் பிரஷ் பண்ணாதீர்கள். இளகியிருக்கும் எனாமலைத் தேய்த்து எடுத்த மாதிரி ஆகிவிடும். சாதாரணத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணித்தியாலம் விடுங்கள்.

எப்போது செய்வது என்பதை யாரும் சொல்வதில்லை, ஆனால் திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம் என்று நான் நினைக்கிறேன். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் பல் வெள்ளையாக்கப் போகாதீர்கள். அந்த வெக்கையில் யாரால் ஐஸ் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியும்? கடற்கரைக்குப் போனால் ஐஸ்கிறீம் வண்டி, யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நீட்டுவது குளிர்ந்த சர்பத். வேண்டாம் என்றால் கோபித்துக் கொள்வார்கள். நான் இரண்டாவது தடவை செய்தது மாரி தொடங்கிய பிறகு, உல்லாசப் பயணிகள் வரத்துக் குறைந்து விடுதியில் வேலையும் இளகும் காலம். தண்ணீர் தானாகவே சாதாரணச் சூட்டில் கிடைக்கும், குளிர்ந்ததைக் குடிக்கும் ஆசையும் வராது. ஒரே ஒரு கஷ்டம், வாடைக் காற்று. உட்துறைமுக வீதியில் காலையில் ஸ்கூட்டியில் போகும்போது கடலில் இருந்து வரும் காற்று நேராக வாயில் அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியை முழுதாக இறக்கி, அதற்குள் மாஸ்க்கும் போட்டு, மூக்கால் மூச்சு விட்டபடி ஓட்டினேன். மாஸ்க் போட்டால் நம் மூச்சுச் சூடே பல்லைச் சுற்றி நிற்கும், சின்ன விஷயம், ஆனால் அவ்வளவு உதவி.

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் நம் சொந்தங்கள் சரியாக அந்த வெக்கைக் காலத்தில்தான் வருகிறார்கள், வந்த கிழமையே பல் வெள்ளையாக்கக் கிளினிக் தேடுகிறார்கள். பிரான்ஸில் இருந்து வந்த என் பெரியம்மாவின் மகளும் அப்படித்தான் கேட்டார். "அக்கா, டிக்கெட் போட்ட அன்றைக்கே அங்கேயே பற்பசையைத் தொடங்குங்கோ, இங்க வந்து முதல் வேலையாப் பல்லைக் காட்டுங்கோ, நல்லூருக்கும் ஐஸ்கிறீமுக்கும் போய் வந்த பிறகு கடைசிக் கிழமையில செய்வம்" என்றேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 6 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ள வெள்ளையாக்கும் பொருட்களுக்கு அனுமதி இல்லை, 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரையானதும் பல் வைத்தியர் ஊடாகத்தான், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பாவிக்கவும் கூடாது. அங்கே கிடைக்காத கடும் ஜெல் இங்கே கிடைக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் அங்கே ஏன் அப்படி ஒரு வரம்பு வைத்தார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வீட்டு ட்ரே முறை எனக்கு மிகவும் பிடித்துப் போனது. 1989இல் ஹேவுட், ஹைமன் என்ற இரண்டு அமெரிக்கப் பல் வைத்தியர்கள் எழுதி வெளியிட்ட முறை, அப்போது அவர்கள் பாவித்தது 10 சதவீதக் கார்பமைட் பெரொக்சைட். கேட்க 10 என்று இருந்தாலும் அதில் இருந்து வெளிவரும் ஹைட்ரஜன் பெரொக்சைட் ஏறக்குறைய 3.5 சதவீதம்தான். நிறம் வரக் கிழமைக்கணக்கில் ஆகும், ஆனால் நரம்புக்கு அது எவ்வளவோ இரக்கமானது. வைத்தியர் 16 சதவீதம் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேன், இன்றைக்கும் 10இல்தான் நிற்கிறேன். ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்கம் ஓர் அரிசியளவு ஜெல் போதும், நிறைத்துப் போட்டால் வழிந்து முரசைச் சுடும், முரசு வெள்ளையாக வெளிறும். வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். தினமும் வைக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் வைக்கிறேன், வைக்காத இரவில் அதே ட்ரேயில் கூச்ச ஜெல். கொஞ்சம் கூசத் தொடங்கினால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிடுவேன். நிறுத்தினால் நிறம் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை, விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

நம் ஊர் வெயிலில் அந்த ஜெல்லை மேசையில் வைத்தால் பெரொக்சைட் பலம் இழந்துவிடும், குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஆனால் எடுத்த கையோடு பல்லில் வைக்காதீர்கள். குளிர்ந்த ஜெல் பட்டாலே சுரீர் என்னும், பிறகு அது ஜெல்லின் குளிரா மருந்தா என்று தெரியாமல் தவிக்க வேண்டும். பாவிக்க அரை மணித்தியாலத்துக்கு முன் வெளியே எடுத்து வையுங்கள்.

உமிக்கரி, உப்பு, தேசிக்காய்ப் பாதி, சமையல் சோடா. இவற்றைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. அம்மம்மா உமிக்கரியால் தேய்த்து 80 வயது வரை பல் வைத்திருந்தார் என்று சொல்வார்கள், அம்மம்மா வெள்ளையாக்கும் ஜெல் பூசவில்லையே. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கரி மாதிரிச் சொரசொரப்பான எதையும் பல்லில் தேய்க்காதீர்கள், கடையில் விற்கும் கரிப் பற்பசையும் வெள்ளையாக்கும் பற்பசையும் அதில் அடங்கும். தேசிக்காய் இன்னும் மோசம். அதேபோல சலூனில் முகத்துக்குப் பூசுகிற பிள்ளை பல்லுக்கும் பூசுகிற சங்கதி இப்போது நம் ஊரிலும் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளில் குறை சொல்லவில்லை, ஆனால் அவர்களுக்குச் சொத்தையைக் கண்டுபிடிக்கத் தெரியாது, வார்னிஷ் பூச முடியாது, பிரச்சினை வந்தால் கைகொடுக்கவும் முடியாது. செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நல்ல வைத்தியர் யாரும் அதற்குக் கோபிக்க மாட்டார்.

எந்த நோவைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வெள்ளையாக்கினதுதானே, அப்படித்தான் இருக்கும்" என்று எங்கள் விடுதியில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி நாளைக் கடத்தி, கடைசியில் ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை வரைக்கும் போனாள். வெள்ளையாக்கும் கூச்சம் பொதுவாகப் பல பற்களில் பரவி வரும், குளிர் விலகியதும் தானும் விலகும், நாளுக்கு நாள் குறையும். ஒரே ஒரு பல் மட்டும் நொந்தால், சூடான தேத்தண்ணிக்கு நொந்தால், குளிர் போன பிறகும் நோவு ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு நின்றால், இரவில் எழுப்பினால், கடிக்கும்போது வந்தால், இரண்டு கிழமை தாண்டியும் குறையாவிட்டால் அது வேறு கதை. சொத்தையாகவோ வெடிப்பாகவோ இருக்கலாம். அதற்குக் கூச்சப் பற்பசையைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அவளுக்கு இருந்ததும் ஏற்கனவே இருந்த சொத்தைதான், அவள் போன இடத்தில் முன்கூட்டிப் பார்க்கவில்லை. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவசரமான காரியம் எதுவும் இல்லை.

சரி, இவ்வளவு காலத்துக்குப் பிறகு பல் எப்படி இருக்கிறது? முதல் வருடத்து வெள்ளை இல்லை. தேத்தண்ணியை நான் விடவில்லை, விடப் போவதும் இல்லை, குடித்த பிறகு வாயைத் தண்ணீரால் அலசுகிறேன், அவ்வளவுதான். ஆனால் பழைய மஞ்சளுக்கு அது திரும்பிப் போகவில்லை. வருடத்தில் ஒரு தடவை மாரியில் பல் வைத்தியரிடம் காட்டிச் சுத்தம் செய்து, ஓட்டை எதுவும் இல்லை என்று அவர் சொன்ன பிறகு, சில இரவுகள் ட்ரே வைத்துப் புதுப்பிக்கிறேன். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே பொட்டாசியம் நைட்ரேட் பற்பசைக்கு மாறிவிடுவேன். மற்ற மாதங்களில் இரவில் மட்டும் ஸ்டானஸ் ஃபுளோரைட் உள்ளதைத் தேய்க்கிறேன், இறங்கிய முரசுக்கு அது நல்லது என்று வைத்தியர் சொன்னதால். பிரஷ்ஷை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் போய்விட்டது, முரசு அதற்கு மேல் இறங்கவில்லை. பல்லுக்குப் பூசும் டூத் மூஸ் என்ற கிறீமையும் கொஞ்சக் காலம் பாவித்தேன், பால் புரதத்தில் இருந்து எடுத்தது, பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. நல்ல பொருள்தான், ஆனால் இங்கே எப்போதும் கிடைப்பதில்லை, கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டும், எனக்குப் பற்பசையும் வார்னிஷுமே போதுமாக இருக்கிறது.

இப்போது என் தங்கைக்குக் கல்யாணம் தையில் வருகிறது. அவளுக்குக் கார்த்திகையிலேயே பல்லைக் காட்டி, இருந்த ஒரு சொத்தையை அடைத்தாயிற்று, பற்பசையும் தொடங்கிவிட்டாள். கல்யாணத்துக்கு முந்தின கிழமை செய்யலாம் என்றுதான் அவள் நின்றாள். நான் விடவில்லை. குறைந்தது மூன்று, நான்கு கிழமை இடைவெளி வேண்டும், கூச்சம் அடங்கவும் நிறம் ஒரு இடத்தில் வந்து நிற்கவும் அந்தக் காலம் தேவை, மணவறையில் உட்கார்ந்து குளிர்ந்த பால் குடிக்கிற நேரத்தில் முகம் சுளிக்க முடியாது.